இரண்டு முன்பற்களுக்கு நடுவே

அந்த வீட்டில் கீழே பல் பிடுங்குவார்கள். மாடியில் பல் முளைக்கும். கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் கிளினிக், மாடியில் அவர் மனைவியின் லேப். அவர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார். அவள் அதை வைத்து மெழுகில் பல் வரிசை கட்டி, ரோஸ் நிற ஈறோடு பல் செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். படி ஏறி இறங்க இருவருக்குமே சோம்பல். அதனால் படிக்கட்டுக்கு நடுவே ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அச்சு ஏறும், பல் இறங்கும். சந்தேகம் வந்தால் அவள் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள். "என்னங்க, இந்தக் கடைவாய்க்கு எந்தக் கலர்?" கீழே வாயைப் பிளந்து படுத்திருக்கும் ஆள் உட்படத் தெருவுக்கே அது கேட்கும்.

அந்த வாரம் மட்டும் குரல் இல்லை. வீட்டில் பேச்சுவார்த்தை நின்றிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் சனி ஞாயிறில் மலைக்குப் போய்விடுவார். ஜீப் போகும் சாலை முடிந்து, அதற்கு மேலும் ஐந்து மணி நேரம் நடந்தால் வரும் குடியிருப்புகளுக்கு இலவச மருத்துவ முகாம். ஒன்பது வருடமாக நடக்கிறது. அவள் தடுத்ததில்லை. முகாமுக்கு வேண்டிய பல் செட்டுகளைச் செய்து கொடுத்ததே அவள்தான். ஆனால் இந்த முறை அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய இருபதாவது கல்யாண நாள். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அவர் அந்த வட்டத்துக்குள்ளேயே, இடம் பார்த்து, அழகான எழுத்தில் 'முகாம்' என்று எழுதினார்.

"வட்டம் எதுக்குன்னு நெனைச்சீங்க?"

"நீயும் முகாமைத்தான் குறிச்சு வெச்சிருக்கேன்னு நெனைச்சேன்."

அதோடு சரி. பிறகு கூடை மட்டும் ஏறி இறங்கியது.

முந்தைய முகாமில் எடுத்து வந்த அச்சுகளில் கடைசி ஒன்று பாக்கி இருந்தது. அது சீட்டோடு மேலே வந்தது. 'ஆடு மேய்க்கிற அம்மா. மேல்வரிசை, முன்பல் நான்கு. நடுப்பல் இரண்டுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடவும்.'

இடைவெளியா? அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் இடைவெளியை மூடச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். முன்பல் நடுவே சந்து இருந்தால் பேசும்போது காற்று கசிந்து விசிலடிக்கும். இருபது வருடத்தில் அவள் கையிலிருந்து அப்படி ஒரு செட் போனதில்லை. போட்டுப் பார்க்க வருகிறவர்களை 'சனிக்கிழமை சாயங்காலம்' என்று சொல்லச் சொல்லி, காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள். வேறு வாரமாக இருந்தால், "எதுக்குங்க சந்து?" என்று ஒரு சத்தம் போட்டிருப்பாள். இந்த வாரம் முதலில் வாய் திறப்பது யார் என்பதில் அல்லவா போட்டி! பழைய பல்லில் இருந்ததை அப்படியே அளந்து எழுதிவிட்டார், மனுஷருக்கு அழகு பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். நான்கு பல்லையும் முத்துக் கோத்தது போல நெருக்கிக் கட்டி, டப்பாவில் வைத்து இறக்கிவிட்டாள். டாக்டர் டப்பாவைத் திறக்கவில்லை. மனைவி கட்டிய பல்லைச் சரிபார்க்கும் பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

வியாழக்கிழமை கூடையில் வேறொரு சீட்டு வந்தது. 'உதவிக்கு வருகிற பையனுக்குக் கால் பிசகிவிட்டது. கூட ஓர் ஆள் வேண்டும். கல்யாண நாளை மேலே கொண்டாடலாமா?'

அவள் இரண்டு முறை படித்தாள். கோபத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தாள், அது நழுவியது. 'என் ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில்?' என்று எழுதிக் கீழே இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை மலை ஏறும்போது பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முகாமின் பொது மருத்துவர் ஒரு லேடி டாக்டர், வாய் ஓயாத பெண். கோவேறு கழுதைகள் மேல் மருந்துப் பெட்டிகள் ஆடி ஆடிப் போக, பின்னால் நின்று கைகொடுத்தாள்.

"அண்ணி, ஒன்பது வருஷமா உங்க பல்லு நடந்த பாதை இது. நீங்க இன்னிக்குத்தான் நடக்கிறீங்க."

"பல்லுக்கு முட்டிவலி கிடையாதும்மா."

முகாம் நடந்தது ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில். அவள் கண்ணால் பார்க்கும்வரை, ஒன்பது வருடமாகத் தன் கணவர் அங்கே என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியும் என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான். கிளினிக்கில் அவருக்குச் சுழலும் நாற்காலி உண்டு, பட்டனை அழுத்தினால் நோயாளியே உயர்ந்து வருவார். இங்கே பள்ளிக்கூட பெஞ்சின் ஒரு பக்கத்துக்கு அடியில் நான்கு செங்கல். அதன் மேல் மடித்த கம்பளி. அதுதான் பல் நாற்காலி. அவர் கோணிப்பை மேல் மண்டியிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு பெரிய பிரஷர் குக்கர். அதில்தான் கருவிகள் வெந்து சுத்தமாயின.

"குக்கர் மூணு விசில் விட்டா அடுத்த ஆளு," என்றாள் லேடி டாக்டர். அவள் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்தாள், சளிக்கு நெஞ்சைத் தட்டினாள், ஒரு கர்ப்பிணியின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்து, அந்தப் பெண்ணின் மாமியாரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசினாள். ஜனங்கள் விடிகாலையில் கிளம்பி நடந்து வந்திருந்தார்கள். ஆறு மாதமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். ஒருவர்கூட முந்திக்கொண்டு வரவில்லை. சத்தம் போடவில்லை. ஒரு பெரியவர் தன் முறை வந்ததும், "அந்தப் பொண்ணுக்கு வீக்கம் அதிகம், அதைப் பாருங்க முதல்ல," என்று மறுபடியும் கடைசிக்குப் போனார்.

சனிக்கிழமை மட்டும் எழுபத்துநான்கு பேர். சாயங்காலம் டாக்டர் எழுந்திருக்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் கைகொடுத்துத் தூக்கினாள். பேண்ட்டின் முழங்காலில் கோணியின் பின்னல் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"கல்யாண நாள் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"சாப்பாடு சுமார். கூட்டம் பரவாயில்லை," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் செட் கொடுக்கும் வேலை. அவளுக்கு அது புது அனுபவம். லேபில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாவு அச்சில் எடுத்த தாடைகள்தான், முகம் கிடையாது. இங்கே ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு முகம் வந்து உட்கார்ந்தது. மூட்டை தூக்குகிறவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது யாரு, என் தம்பியா?" என்றார். ஒரு பெண் கண்ணாடியையே கேட்கவில்லை. வெளியே போய்க் கணவனிடம் காட்டிவிட்டு வந்து, "நல்லா இருக்காம்," என்றாள். பதினொரு டப்பா காலியானது. பன்னிரண்டாவது, ஆடு மேய்க்கிற அம்மாவுடையது.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காய்ந்த விறகு மாதிரி உறுதியான உடம்பு. கூடவே அவள் மகள், முதுகில் ஒரு பெரிய துணிப்பையோடு.

"பைக்குள்ள என்ன?" என்றாள் லேடி டாக்டர்.

"எங்கம்மாவோட சாமான். இன்னிக்கு உங்களோட கீழே வந்துடுறாங்க, இல்லாட்டி இங்கேயே இருக்காங்க. ரெண்டுல ஒண்ணு இப்பத் தெரிஞ்சுடும்," என்றாள் மகள்.

விஷயம் இதுதான். எட்டு மாதம் முன்பு அந்த அம்மாவின் முன்பற்கள் நான்கையும் அவள் வளர்த்த கிடாவே முட்டி உடைத்துவிட்டது. எதிர்ச் சரிவில் மேயும் ஆட்டையும் நாயையும் அவள் விசிலடித்துத்தான் கூப்பிடுவாள். மூடுபனி இறங்கினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மனிதக் குரல் பாதி வழியில் கரைந்துவிடும். விசில்தான் போய்ச் சேரும். இரண்டு முன்பற்களுக்கு நடுவே இருந்த சந்தில்தான் அந்த விசில் பிறந்தது. பல் போனதும் விசிலும் போனது. சென்ற மாதம் பனியில் சிதறிய ஆடுகளைத் தேடி நடந்து, ஓடைப் பள்ளத்தில் விழுந்து, மறுநாள்தான் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அடிவாரத்தில் குடும்பம் நடத்தும் மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: 'பல் வந்து விசில் வந்தா இரு. வரலேன்னா மந்தையைப் பக்கத்துக்காரங்களுக்குக் குடுத்துட்டு என் வீட்டுக்கு வா.' தாயும் சம்மதித்திருந்தாள்.

"அவ வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்லை டாக்டரு," என்றாள் அந்த அம்மா. "ஜன்னலோரம் கட்டில் போட்டுத் தருவா. மருமகனும் தங்கம். ஆனா ஜன்னல்ல என்ன தெரியும்? எதிர்வீட்டுச் சுவரு."

டாக்டர் செட்டை மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவ்வளவு அழகான பல் வரிசையை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். லேப்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் சொல்லுங்க," என்றாள். அந்த அம்மா சொன்னாள். காற்று கசியவில்லை.

பிறகு அந்த அம்மா வாசலுக்குப் போனாள். எதிர்ச் சரிவில் ஆடுகள் சிந்திய அரிசி போலத் தெரிந்தன. நாக்கை மடித்து, கன்னத்தை இறுக்கி, ஊதினாள்.

'ஃப்பூ' என்று வெறும் காற்று வந்தது.

இன்னொரு முறை ஊதினாள். மூன்றாவது முறை எச்சில்தான் தெறித்தது. கைதட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். மகள் இறக்கி வைத்த பையை மறுபடி தோளில் மாட்டினாள். ஜெயித்த முகமாக இல்லை அது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் அருகில் வந்து குனிந்து பல்லைப் பார்த்தார். ஒரு நொடிதான். அவர் பார்வை மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

"தப்பு என்னுதும்மா. சந்து வேணும்னு நீங்க அன்னிக்கே விவரமா சொன்னீங்க. நான்தான் சீட்டுல எழுத மறந்துட்டேன்."

மலை ஏறும்போதுகூட அவளுக்கு அப்படி மூச்சு முட்டவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் என்று அளவோடு எழுதியவர், இத்தனை பேர் நடுவில் மறந்துவிட்டேன் என்கிறார். எப்படித் தயக்கமே இல்லாமல் சொல்ல முடிந்தது? இந்த மனுஷர் நேற்று எழுபத்துநான்கு பேருக்கு மண்டியிட்டார். இன்று அவளுக்காகவும் தலை குனிகிறார். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே!

"அவர் மறக்கலைம்மா," என்றாள். "அளவோட எழுதியிருந்தார். எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நான் மூடிட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். அந்த வாரம் எங்களுக்குள்ள பேச்சு இல்லை."

அந்த அம்மா அவளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ புருஷன் பொண்டாட்டி சண்டையில என் விசிலு போச்சா?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்கே கதை!" என்று அந்தப் புதுப் பல் தெரிய அவள் சிரித்தேவிட்டாள். "நானும் எங்க வீட்டுக்காரர்கூட ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாம இருந்திருக்கேன் தங்கச்சி. சாப்பிடக் கூப்பிடணும்னா விசிலடிப்பேன். நாயும் வரும், அவரும் வருவாரு."

"அம்மா, சிரிச்சு மழுப்பாதே," என்றாள் மகள். "பேசினது பேசினதுதான்."

"ரெண்டு மணிக்குத்தானே கிளம்பணும்?" லேப்காரி மகள் பக்கம் திரும்பினாள். "அதுவரைக்கும் எனக்கு நேரம் குடு. அதுக்கப்புறம் நீ சொல்றதுதான்."

மகள் பையை இறக்கவில்லை. ஆனால் சுவரில் சாய்ந்து நின்றாள்.

லேப்காரி ஜெனரேட்டரை உசுப்பி, தேய்க்கும் மோட்டாரைப் பூட்டினாள். மணி பன்னிரண்டரை. மாற்றுப் பல் கைவசம் இல்லை, எல்லாம் வீட்டு லேபில். தேய்த்தது தேய்த்ததுதான், அதிகம் போனால் மீட்க வழியில்லை. காற்றைக் கசியவிடாத பல் கட்டுவதில் அவள் கெட்டி. கசிய வைக்க யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. உலகத்தில் எந்த லேபும் வேண்டுமென்றே செய்யாத தப்பை, இப்போது பிசகாமல் செய்தாக வேண்டும்.

மோட்டாரில் சுழலும் வட்டத் தகட்டை இரண்டு பல்லுக்கும் நடுவில் இறக்கினாள். வெள்ளைத் தூள் பறந்தது. கழுவிக் கொடுத்தாள். டாக்டர் மாட்டினார். அந்த அம்மா ஊதினாள். காற்று கொஞ்சம் கூராக வந்தது.

"இன்னும்," என்றார் டாக்டர்.

"எவ்வளவு?"

"ஒரு முடி."

இன்னொரு முடி. அப்புறம் இன்னொன்று. ஒன்றரை வந்தாயிற்று. சத்தம் வருகிற மாதிரி இருந்து, நுனியில் உடைந்தது. அவள் கை நின்றது.

"இதுக்கு மேல சந்து விட்டா சாப்பாடு மாட்டும், பேச்சு கெடும். சந்துல பிரச்சினை இல்லைங்க. வேற எங்கேயோ இடிக்குது."

"நாக்கா?"

"நாக்கு எங்கே தொடுதுன்னு தெரிஞ்சா நல்லது. மேலே தூவ ஏதாவது பொடி இருக்கா?"

லேடி டாக்டர் எட்டி, குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். "இனிப்பா இருக்கும், பரவாயில்லையா?"

செட்டைத் துடைத்து உலர்த்தி, அண்ணத்தில் ஒட்டும் தகட்டின் மேல் மெல்லத் தூவினார்கள். மாட்டி, ஊதச் சொல்லி, உடனே கழற்றினார்கள். முன்பல்லுக்குப் பின்னால், சரியாக நடுவில், பொடி கலைந்து ஈரமாகியிருந்தது. அங்கேதான் தகடு கனமாக இருந்தது. நாக்கு குழிந்து காற்றைக் குவிக்க இடமில்லை. உறுதிக்காக அவள் வழக்கமாக வைக்கும் கனம்.

"இங்கேதாங்க," என்றாள்.

"இங்கேதான்," என்றார். இரண்டு தலையும் முட்டிக்கொள்ளாத குறை. அந்த வாரம் முழுக்கப் பேசாமல் விட்ட பேச்செல்லாம் அந்தத் தகட்டின் மேல் நடந்தது. மெல்லிசாக்கினால் உடையுமா, ஓரத்தில் கனம் இருந்தால் தாங்குமா, இப்படிச் சரிவாக எடுத்தால் என்ன? வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. நேற்றுக் கடைசிக்குப் போன பெரியவர், தாடையில் பஞ்சோடு, ஜெனரேட்டர் அணைந்துவிடாமல் அதன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தார்.

அவள் தேய்த்தாள். விரலால் தடவினாள். வெளிச்சத்தில் பிடித்தாள், தகடு வழியாக விரலின் நிழல் தெரிந்தது. மறுபடி ஒரு தடவை தேய்த்து, மழமழப்பாக்கிக் கொடுத்தாள்.

மணி ஒன்றே முக்கால்.

அந்த அம்மா வாசலுக்குப் போனாள். நாக்கால் புது இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள், புது வீட்டில் சுவிட்சைத் தேடுவது போல. ஊதினாள்.

மெல்லிய, நீளமான விசில் ஒன்று கிளம்பிப் பள்ளத்தைத் தாண்டிப் போனது.

ஆடுகள் நிமிரவில்லை. பாறை மேல் படுத்திருந்த நாய் மட்டும் காதைத் தூக்கிவிட்டு, மறுபடி தலையைக் கீழே வைத்தது.

"சத்தம் வேறம்மா," என்றாள் மகள் மெதுவாக. "அதுங்களுக்கு அடையாளம் தெரியலை."

லேப்காரி கையை நீட்டினாள். "குடுங்க, இன்னும் ஒரு தடவை..."

"நீ பண்ண வேண்டியதைப் பண்ணிட்டே தங்கச்சி. மீதி என் நாக்கு வேலை," என்றாள் அந்த அம்மா. முதுகைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து விசில் கேட்டது. உயரமாக ஒன்று, தாழ்வாக ஒன்று, நடுவில் உடைந்தது, திட்டு ஒன்று, மறுபடி விசில். மணி இரண்டு அடித்தது. கழுதைகள் மேல் பெட்டி ஏற்ற வந்தவர்களைப் பார்த்து டாக்டர் உள்ளங்கையைக் காட்டினார். மகள் அதைப் பார்த்தாள். கிளம்பலாம் என்று அவளும் சொல்லவில்லை.

இரண்டேகாலுக்கு அந்த அம்மா திரும்பி வந்து வாசல் படியில் கால் அகட்டி நின்றாள். இந்த முறை விசில் ஒரே நீளமாகப் போகவில்லை. ஏறி, ஒரு கணம் நின்று, சாட்டை போலச் சொடுக்கி இறங்கியது.

நாய் எழுந்து நின்றது. பிறகு பாறையிலிருந்து குதித்தது. ஓர் ஆடு தலையைத் தூக்கியது, பக்கத்தில் இன்னொன்று. நாய் அரைவட்டமாக ஓட, சிந்திய அரிசியை யாரோ கையால் கூட்டினாற்போல மந்தை முழுவதும் ஒன்றாகி, ஓடையை நோக்கி இறங்கத் தொடங்கியது. முன்னால் வந்தது, பல்லை உடைத்த அதே கிடா.

"வாடா வா, கடன்காரா!" என்று கத்தினாள் அந்த அம்மா. கத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

மகள் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். "பனி அதிகமா இருக்கிற அன்னிக்கு ஓடையைத் தாண்டக் கூடாது."

"தாண்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"என் பல்லு மேல சத்தியம்."

லேடி டாக்டர் மூக்கை உறிஞ்சியபடி, "சரி சரி, பெட்டியைக் கட்டுங்க," என்றாள். ஆனால் மகள் நகரவில்லை. செங்கல் வைத்து உயர்த்திய அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், அம்மாவைக் கூட்டிட்டுப் போற அவசரத்துல சொல்லலை. எனக்குக் கீழ்க் கடைவாய்ல மூணு மாசமா வலி. இடது பக்கம்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பெட்டியின் கட்டை அவிழ்த்து, கோணிப்பையை எடுத்து அவர் முழங்காலுக்குக் கீழே விரித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை இரண்டாக மடித்து விரித்தாள்.

"வாயைத் திறம்மா," என்றார் அவர்.